சட்டையின் பிறப்பிடம்: தோற்றுவாய் விதிகளும் உழைப்பின் மறைவும்

1

பண்டங்களை அவை பிறந்த நிலத்தைச் சுட்டி வகுத்துக் கூறும் மரபு தமிழிலக்கியத்திற்குப் புதியதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துத் துறையிற் குவிந்து கிடந்த பொருள்களை விவரிக்குமிடத்து, வடமலையின் பொன், மேற்கு மலையின் சந்தனம், தென்கடலின் முத்து, கீழ்க்கடலின் பவளம் என ஒவ்வொன்றையும் அதன் பிறப்பிடத்தோடு இணைத்தே பேசுகின்றது. ஈழத்திலிருந்து வந்த உணவுப் பொருள்களும் அவ்வரிசையில் இடம்பெறுகின்றன. சுங்கம் கொள்வோர் அப்பொருள்களுக்குச் சோழரின் புலி இலச்சினையைப் பொறித்த செய்தியும் அந்நூலிலேயே உளது.

இங்கு நாம் மனங்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. பட்டினப்பாலைச் சுங்கத்தார்க்குப் பண்டத்தின் பிறப்பிடம் ஒரு சிக்கலாக இருக்கவில்லை. முத்துக் குளித்த கடலும் பொன் எடுத்த மலையும் ஐயத்திற்கிடமின்றித் தெரிந்தவை. பண்டம் முழுமையாக ஓரிடத்தே தோன்றிற்று. பின்னரே பயணம் செய்தது. முதலாளித்துவ உற்பத்தி இவ்வெளிமையை உடைத்தது. ஒரு நாட்டுப் பருத்தி, இன்னொரு நாட்டில் நூற்ற நூல், மூன்றாம் நாட்டில் நெய்த துணி, நான்காம் நாட்டில் தைத்த சட்டை என உற்பத்தி பகுக்கப்பட்டதும், ‘இச்சட்டை எந்நாட்டது?’ என்ற வினாவுக்கு இயல்பான விடை இல்லாது போயிற்று. இயல்பான விடை இல்லாத இடத்திற் சட்டம் விடை கூறுகின்றது. அவ்விடையே வர்த்தக உடன்படிக்கைகளில் ‘தோற்றுவாய் விதிகள்’ எனப் பெயர் பெறுகின்றது.

ஒரு நாட்டின் பொருள்களுக்குத் தீர்வைச் சலுகை அளிக்கும் உடன்படிக்கை எதுவாயினும், எப்பொருள் அந்நாட்டுப் பொருள் என்பதை வரையறுத்தே ஆகவேண்டும். எனவே இவ்விதிகள் வெறும் நிர்வாக நுணுக்கங்கள் என்று கருதப்படுவதுண்டு. சுங்க அதிகாரிகளும் ஏற்றுமதியாளரும் அறிந்திருந்தாற் போதுமானவை என்பது பொது எண்ணம். இவ்வெண்ணம் தவறானது என்பதே எமது கருத்து. இவ்விதிகளின் வரலாற்றை நோக்குமிடத்து, பண்டத்தின் பெறுமதி எங்கிருந்து வருகின்றது என்ற அரசியற் பொருளாதாரத்தின் அடிப்படை வினாவுக்குச் சட்டம் காலந்தோறும் அளித்த விடைகளின் வரலாறாகவே அது அமைவதைக் காணலாம். அவ்வரலாற்றில் உழைப்பு ஒரு கட்டத்தில் இடம்பெற்றுப் பின்னர் மறைந்துவிடுகின்றது. அம்மறைவின் விளைவுகளை இலங்கையின் ஆடைத் தொழிலையும், இந்திய - இலங்கை வர்த்தகத்தையும் கொண்டு இக்கட்டுரையில் ஆராய்வோம்.

2

பிரித்தானியா சுதந்திர வர்த்தகக் கொள்கையை மெல்லக் கைவிட்டுப் பேரரசுச் சலுகை முறையை நாடிய காலத்தில், 1919 ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் பேரரசுப் பொருள்களுக்குக் குறைந்த தீர்வையை விதித்தது. எது பேரரசுப் பொருள்? பேரரசினுள் விளைந்தது, அல்லது அதன் பெறுமதியில் விதிக்கப்பட்ட ஒரு பங்கு பேரரசினுள் நிகழ்ந்த உழைப்பின் பயனாக அமைந்தது என்பதே அச்சட்டம் தந்த விடை. பெறுமதி உழைப்பின் பயன் என்பதை ஆளும் வர்க்கத்தின் நிதிச் சட்டமே ஒப்புக்கொண்டு எழுதியமை வியப்புக்குரியது போலத் தோன்றலாம். ஆயின் அதில் வியப்பில்லை. தொழிற்சாலைகளும் அவற்றின் தொழிலாளரும் பெருமளவிற் பிரித்தானியாவிலேயே இருந்த காலம் அது. உழைப்பை அளவுகோலாக்குதல் பிரித்தானிய மூலதனத்திற்கு இழப்பாக இருக்கவில்லை; பாதுகாப்பாகவே இருந்தது.

1932 ஆம் ஆண்டின் ஒட்டாவா மாநாடு இச்சலுகை முறையைப் பேரரசு முழுவதற்கும் விரித்தது. அதன் உட்கிடை 1934 இல் இலங்கையில் வெளிப்பட்டது. மலிவான யப்பானியத் துணிகள் ஆசியச் சந்தைகளில் லங்காஷயர்த் துணிகளைப் பின்தள்ளிய வேளையில், குடியேற்ற நாடுகளில் யப்பானியத் துணியின் இறக்குமதிக்கு அளவுக் கட்டுப்பாடு விதிக்குமாறு பிரித்தானிய அரசு பணித்தது. இலங்கை அரசாங்க சபை இதற்கு இணங்கவில்லை. மலிவுத் துணியை வாங்கி உடுத்தோர் வறிய மக்களே என்பது சபையினர் அறிந்த உண்மை. இருப்பினும் இலண்டனிலிருந்து பிறப்பிக்கப்பட்ட ஆணையின் மூலம் கட்டுப்பாடு இலங்கை மீது சுமத்தப்பட்டது. டொனமூர் அரசியலமைப்பு சர்வசன வாக்குரிமையை அளித்து 3 ஆண்டுகளே கழிந்திருந்தன. வாக்குரிமை பெற்ற மக்கள் எந்நாட்டுத் துணியை உடுத்தலாம் என்பதை அவர்களின் பிரதிநிதிகள் தீர்மானிக்க இயலவில்லை. பண்டத்தின் தோற்றுவாய் பற்றிய விதி அரசியல் அதிகாரம் பற்றிய விதியுமாகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

3

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் நிலைமை மாறியது. ஆடை உற்பத்தி ஆசியாவை நோக்கி நகர்ந்தபோது, மேலைநாடுகள் தமது சந்தையைக் காத்துக்கொள்ள 1974 இல் பல்லிழை உடன்படிக்கையை நடைமுறைக்குக் கொணர்ந்தன. ஒவ்வொரு ஏற்றுமதி நாட்டிற்கும் இவ்வளவு சட்டை, இவ்வளவு காற்சட்டை எனப் பங்கு ஒதுக்கப்பட்டது. பங்கு நாட்டிற்குரியது, மூலதனமோ நாட்டெல்லையைக் கடக்க வல்லது. தமது பங்கு நிரம்பிவிட்ட ஹொங்கொங், தென்கொரியா முதலிய இடங்களின் உற்பத்தியாளர், பங்கு நிரம்பாத நாடுகளைத் தேடினர்.

1977 இல் ஆட்சிக்கு வந்த அரசு திறந்த பொருளாதாரக் கொள்கையை அறிவித்தமையும், 1978 இல் கட்டுநாயக்காவிற் சுதந்திர வர்த்தக வலயம் அமைந்தமையும் இப்பின்னணியிலேயே நோக்கப்பட வேண்டும். இலங்கைக்கு வந்த மூலதனம் இலங்கைப் பருத்தியையோ இலங்கைத் துணியையோ நாடி வரவில்லை. ‘இலங்கையில் உற்பத்தியானது’ என்ற அடையாளத்தையும், கிராமங்களிலிருந்து வரக்கூடிய இளம் பெண்களின் குறைந்த கூலி உழைப்பையுமே அது நாடியது. துணியும் நூலும் பொத்தானும் கப்பலில் வந்திறங்கின. தைக்கப்பட்டுத் திரும்பவும் கப்பலேறின.

இதே காலத்தில் இன்னொன்றும் நிகழ்ந்தது. 1970 முதல் 1977 வரை ஆட்சியிலிருந்த ஐக்கிய முன்னணி அரசின் இறக்குமதிக் கட்டுப்பாடுகளின் நிழலில் கைத்தறியும் விசைத்தறியும் நாடெங்கும் பெருகியிருந்தன. வெயாங்கொடை, துல்ஹிரிய, பூகொட முதலிய இடங்களில் அரச ஆலைகள் இயங்கின. கிழக்கிலங்கையில் மருதமுனை நெசவால் வாழ்ந்த ஊர். அக்கட்டுப்பாடுகளின் கீழ் நுகர்வோர் பட்ட இன்னல்களை மறைப்பது நேர்மையாகாது. துணிக்காக வரிசையில் நின்ற நினைவு பலருக்கும் உண்டு. ஆயினும் 1977 இன் பின் இறக்குமதித் துணி தடையின்றி நுழைந்ததும், பல்லாயிரக்கணக்கான நெசவாளர், அவர்களுட் பெரும்பாலோர் பெண்கள், தொழிலிழந்தனர். நெய்யும் நாடாக வளரக்கூடியதாக இருந்த நாடு தைக்கும் நாடாயிற்று.

தைத்தல் என்ற செயலின் சட்டநிலை கூட நிலையானதாக இருக்கவில்லை. 1984 - 85 இல் அமெரிக்க ஐக்கிய நாடுகள் தன் விதிகளை மாற்றியபோது, சீனாவிற் பின்னிய பகுதிகளை ஹொங்கொங்கில் இணைத்து உருவாக்கிய கம்பளிச் சட்டைகள் ஹொங்கொங் சட்டைகள் என்ற தகுதியை இழந்தன. வெட்டித் தைக்கும் ஆடைகளுக்குப் பெரும்பாலும் துணி வெட்டப்பட்ட இடமே பிறப்பிடமாகக் கொள்ளப்பட்டது. ஹொங்கொங்கில் வெட்டிச் சீனாவிற் தைத்த சட்டை ஹொங்கொங் சட்டையாகவே எண்ணப்பட்டது. 1996 யூலையில் விதி மீண்டும் மாறிற்று, தைக்குமிடம் பிறப்பிடமாயிற்று. தைத்த பெண்ணின் கையும் ஊசியும் முன்னர் இருந்தவாறே இருந்தன. நேற்று எந்நாட்டையும் குறிக்காத அவளுடைய உழைப்பு இன்று நாட்டைத் தீர்மானிக்கும் உழைப்பாக மாறியது. அதனால் அவள் கூலி உயர்ந்ததென்று எவரும் கூறிலர்.

4

ஐரோப்பியச் சந்தையில் நிலைமை வேறாயிருந்தது. ஐரோப்பா தன் பொதுச் சலுகைத் திட்டமான ஜி.எஸ்.பி.யின் கீழ், ஆடைகளுக்கு ‘இரட்டை மாற்றம்’ வேண்டுமென விதித்தது. நூல் துணியாதல் ஒரு மாற்றம். துணி ஆடையாதல் மற்றொன்று. இரண்டும் சலுகை பெறும் நாட்டிலேயே நிகழ வேண்டும். தைக்க மட்டும் பழகிய இலங்கையை நோக்கி ‘உன் துணி எங்கே?’ என்று இவ்விதி வினவிற்று. 1977 இல் நெசவைக் கைவிட்டதன் விலை, இறக்குமதியாளரின் சுங்கச் சாவடியில் இவ்வாறு கோரப்பட்டது.

இவ்விதிக்கு ஒரு நெகிழ்வும் இருந்தது. சார்க் நாடொன்றின் துணியை இன்னொரு சார்க் நாடு பயன்படுத்தலாம். ஆயின் 2011 க்கு முன் அதற்கொரு நிபந்தனை இருந்தது. இறுதி நாட்டிற் சேர்க்கப்படும் பெறுமதி, அயல்நாட்டிலிருந்து வந்த துணியின் பெறுமதியை விஞ்ச வேண்டும். ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு சட்டையின் ஆலை விலை 5 டொலர். அதற்கான இந்தியத் துணி 3 டொலர். எஞ்சும் 2 டொலரே இலங்கையின் சேர்பெறுமதி. 3 ஐ 2 விஞ்சாது. எனவே இலங்கைப் பெண் தைத்த அச்சட்டை சட்டத்தின் முன் இந்தியச் சட்டை.

இக்கணக்கின் உட்பொருள் ஆழ்ந்து நோக்கத்தக்கது. சேர்பெறுமதி என்பது கூலி, இலாபம், உள்நாட்டுச் செலவு ஆகியவற்றின் கூட்டு. கொள்வனவாளர் விலையை அழுத்துகின்றனர். அவ்வழுத்தத்தை உற்பத்தியாளர் கூலியின் மீது இறக்குகின்றனர். கூலி எவ்வளவுக்குக் குறைகின்றதோ, அவ்வளவுக்குச் சட்டை இலங்கையிற் ‘பிறக்கத்’ தவறுகின்றது. மலிந்த உழைப்பைக் காட்டி மூலதனத்தை அழைத்த நாடு, உழைப்பு மலிந்தமையாலேயே தன் பண்டத்தின் தாய்மையை இழந்தது. முரண்பாடு கணக்கில் இல்லை; அக்கணக்கு பிரதிபலிக்கும் உற்பத்தி உறவுகளிலேயே உள்ளது.

2005 யூலையில் இலங்கைக்கு ஜி.எஸ்.பி. பிளஸ் சலுகை கிடைத்தது. ஆடைகளுக்கான பொதுத் தீர்வை 12 சதவீதம், சாதாரண ஜி.எஸ்.பி.யின் கீழ் அது 9.6 சதவீதம், பிளஸின் கீழ் முற்றாக நீங்கிற்று. மனித உரிமைகள் பற்றிய 3 ஐக்கிய நாடுகள் சமவாயங்களை நடைமுறைப்படுத்துவதிற் காணப்பட்ட குறைபாடுகளின் பேரில் 2010 ஆகஸ்ட் 15 இல் அச்சலுகை நிறுத்தப்பட்டு, 2017 மே 19 இல் மீளக் கிடைத்தது. இக்காலம் முழுவதும் நாட்டில் நிகழ்ந்த விவாதம் மனித உரிமை நிபந்தனையைப் பற்றியதாகவே இருந்தது. அதனை நாட்டின் இறைமை மீதான தாக்குதல் என்று ஒரு சாரார் முழங்கினர். துணியின் பிறப்பிடம் பற்றிய மற்ற நிபந்தனையைக் குறித்து அவர்கள் வாய் திறக்கவில்லை. சலுகை நடைமுறையிலிருந்த ஆண்டுகளிலேயே, நெய்த துணி ஆடைகளிற் கணிசமானவை இவ்விதியை நிறைவுசெய்ய இயலாமல் தீர்வை செலுத்தியே ஐரோப்பாவினுள் நுழைந்தன. குடிமக்களின் உரிமையைக் கேட்ட நிபந்தனை இறைமைக்கு இழுக்காகத் தெரிந்தது. உற்பத்தியின் அமைப்பையே வகுத்த நிபந்தனை தெரியவேயில்லை. எது கண்ணுக்குப் புலப்படுகின்றது, எது புலப்படுவதில்லை என்பதும் கருத்துநிலையின் வேலையே.

2011 ஜனவரி முதலாம் திகதி ஐரோப்பா விதியை மாற்றியது. வளர்ச்சியில் மிகப் பின்தங்கிய நாடுகளுக்கு ஒற்றை மாற்றம் போதும். எந்நாட்டுத் துணியாயினும் தைத்தாற் சலுகை உண்டு. பங்களாதேஷ் இப்பிரிவில் அடங்கும், இலங்கை அடங்காது. பழைய விதியின் கீழ் பங்களாதேஷில் நூல் ஆலைகளும் பின்னற் துணி ஆலைகளும் வளர்ந்திருந்தன. புதிய விதியின் கீழ் இறக்குமதித் துணியில் தைத்த ஆடைகளின் ஏற்றுமதி விரைந்து பெருகிற்று. வர்த்தகப் புள்ளிவிபரங்களை மட்டும் நோக்குவோர்க்கு இது ஐயத்திற்கிடமற்ற வெற்றி.

ஆயின் அந்நாட்டு ஆடைத் தொழிலாளியின் குறைந்தபட்ச மாதக் கூலி 2010 இன் இறுதியில் 3,000 டாக்காவாக நிர்ணயிக்கப்பட்டது. 2013 ஏப்ரல் 24 இல் டாக்காவுக்கு அருகே சாவாரில் ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். அதன் பின்னர் எழுந்த போராட்டங்களின் விளைவாகவே கூலி 5,300 டாக்காவாயிற்று. விதி மாற்றமே அவ்விபத்துக்குக் காரணம் என்று கூறுவது மிகையும் பிழையுமாகும். எமது வாதம் அதுவன்று. ஏற்றுமதி பெருகியதை விதி மாற்றத்தின் பயனாக எண்ணும் மதிப்பீடு, அப்பெருக்கம் எத்தகைய கட்டடங்களில், எத்தகைய கூலியில் நிகழ்ந்தது என்பதைத் தன் எல்லைக்கு அப்பாற்பட்டதாக ஒதுக்கிவிடுகின்றது என்பதே எமது வாதம்.

5

இனி மறுபுறத்தை நோக்குவோம். 1998 டிசம்பர் 28 இற் கைச்சாத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய - இலங்கைச் சுதந்திர வர்த்தக உடன்படிக்கை, சலுகைக்கு 35 சதவீத உள்நாட்டுப் பெறுமதிச் சேர்ப்பை நிபந்தனையாக்கியது. இந்திய மூலப்பொருள் பயன்படுமாயின் இலங்கையின் பங்கு 25 சதவீதமாக இருந்தாலும் போதும். இதனைக் கணக்கிடும் முறையே இங்கு முக்கியமானது. ஏற்றுமதி விலையிலிருந்து பிற நாட்டு மூலப்பொருளின் விலை கழிக்கப்படும். எஞ்சுவது யாவும் பெறுமதிச் சேர்ப்பு. 1919 ஆம் ஆண்டுச் சட்டம் உழைப்பைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. இங்கு உழைப்பு என்ற சொல்லே இல்லை. கழித்தபின் எஞ்சும் தொகையில் கூலியும் உண்டு, வட்டியும் உண்டு, இலாபமும் உண்டு. எது எவ்வளவு என்று விதி கேட்பதில்லை.

இதன் விளைவு விரைவிற் புலப்பட்டது. பாம் எண்ணெய் மீது இந்தியா மிக உயர்ந்த தீர்வை விதித்திருந்தது. இலங்கையிலோ அது குறைவு. இந்திய முதலீட்டாளர் இலங்கையில் வனஸ்பதி ஆலைகளை நிறுவினர். மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் இருந்து எண்ணெய் வந்தது. இங்கு வனஸ்பதியாக மாற்றப்பட்டது. தீர்வையின்றி இந்தியாவினுள் நுழைந்தது. இறக்குமதி செய்த பழைய செம்பும் இவ்வாறே உருக்கப்பட்டு ஏற்றுமதியாயிற்று. 2000 இல் 6 கோடி டொலரை எட்டாதிருந்த இந்தியாவுக்கான இலங்கை ஏற்றுமதி, 2005 இல் 55 கோடி டொலரைத் தாண்டியது. அவ்வுயர்வின் பெரும்பகுதி இவ்விரு பண்டங்களால் விளைந்ததே.

தீர்வைச் சுவரினால் இந்தியச் சந்தையில் விலை உயர்ந்திருந்தமையால், இலங்கையிலிருந்து செல்லும் வனஸ்பதியின் ஏற்றுமதி விலையும் உயர்ந்து நின்றது. விலைக்கும் செலவுக்கும் இடைப்பட்ட வெளியை நிரப்பியது பெரும்பாலும் தீர்வை வேறுபாட்டினாற் பெற்ற இலாபம். அவ்விலாபமும் சட்டக் கணக்கில் ‘இலங்கையின் பெறுமதிச் சேர்ப்பு’. சில நூறு தொழிலாளரைக் கொண்டு இயங்கக்கூடிய இயந்திர ஆலையில், மலேசிய எண்ணெய் இந்திய மூலதனத்தின் கையில் இலங்கைப் பண்டமாயிற்று. இந்திய உற்பத்தியாளர் எதிர்ப்புத் தெரிவித்தனர். இந்தியா அளவுக் கட்டுப்பாட்டைக் கொணர்ந்தது. செம்பின் பெறுமதிக் கணக்குகள் ஐயத்திற்குள்ளாயின. பின்னர் இவ்வேற்றுமதி சரிந்தது. ஆலைகள் மூடப்பட்டபோது மூலதனம் வேறிடம் நோக்கிப் பெயர்ந்தது. பெயர இயலாதோர் தொழிலாளரே.

கட்டுநாயக்காப் பெண்ணின் சட்டையையும் வனஸ்பதி ஆலையின் தகரத்தையும் அருகருகே வைத்து நோக்குவோம். முன்னதில் உழைப்பு மிகுதி, கூலி குறைவு. சட்டை இலங்கையிற் பிறக்கவில்லை. பின்னதில் உழைப்பு சிறிது, இலாபம் மிகுதி. எண்ணெய் இலங்கையிற் பிறந்துவிட்டது. பண்டங்களின் உறவு மனித உறவை மறைக்கும் தன்மையை 1867 இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற் பாகத்தில் மார்க்ஸ் விளக்கினார். அம்மறைப்பு இங்கு சட்ட வடிவம் பெற்று, சுங்கச் சான்றிதழில் முத்திரையாகப் பொறிக்கப்படுகின்றது.

6

வர்த்தக உடன்படிக்கைகளின் விளைவை அளப்பதற்கு, 1950 இல் ஜேக்கப் வைனர் வகுத்த வர்த்தக உருவாக்கம், வர்த்தகத் திசைதிருப்பம் என்ற கருத்தாக்கங்கள் பொருளியலாளரால் இன்றும் பயன்படுத்தப்படுகின்றன. அவை பயனற்றவை என்று நாம் கூறவில்லை. கடுமையான தோற்றுவாய் விதி, மலிவான மூலப்பொருளை விடுத்து விலை உயர்ந்ததை நாடச் செய்யும் என்பதும், விதியை நிறைவு செய்வதற்காகும் செலவு சலுகையை விஞ்சுமாயின் ஏற்றுமதியாளர் தீர்வையைச் செலுத்துவதையே விரும்புவர் என்பதும் அவ்வாய்வுகள் நிறுவிய உண்மைகள். ஆயின் அவற்றின் அலகு நாடு. அவற்றின் அளவை வர்த்தகத்தின் பருமன். நாட்டினுள் யார் பெற்றார், யார் இழந்தார் என்ற வினா அவ்வலகினுள் அடங்குவதில்லை.

எனவே விதியை இறுக்குவது முற்போக்கானது, தளர்த்துவது பிற்போக்கானது என்றோ, அதன் மறுதலையாகவோ பொதுவிதி வகுப்பது இயக்கவியல் நோக்காகாது. இறுக்கமான விதி பங்களாதேஷிற் பின்னற் துணி ஆலைகளை வளர்த்தது; நெசவைத் தானே அழித்துவிட்ட இலங்கையில் அதே விதி தண்டனையாயிற்று. தளர்ந்த விதி ஓரிடத்தில் வேலைவாய்ப்பைப் பெருக்கியது. வேறோரிடத்தில் தீர்வை வேட்டைக்கு வழி திறந்தது. விதியின் விளைவு, அது சென்று சேரும் சமூகத்தின் உற்பத்தி அமைப்பாலும் வர்க்கச் சமநிலையாலும் தீர்மானிக்கப்படுகின்றது.

உழைப்பு இவ்விதிகளுக்குள் மீண்டும் வர இயலாதது அன்று. 2020 யூலையில் நடைமுறைக்கு வந்த அமெரிக்க - மெக்சிக்கோ - கனடா உடன்படிக்கை, மோட்டார் வாகனங்களின் பெறுமதியில் 40 முதல் 45 சதவீதம், மணிக்குக் குறைந்தது 16 டொலர் கூலி பெறும் தொழிலாளரைக் கொண்ட ஆலைகளிலிருந்து வரவேண்டும் என்று விதித்தது. இது மெக்சிக்கோத் தொழிலாளர் மீதுள்ள பரிவினால் எழுந்ததன்று. ஆலைகள் தெற்கே நகர்வதைத் தடுக்கும் நோக்கில் எழுந்தது. 1919 இற் போலவே, உழைப்பை அளவுகோலாக்குவது வலியோர்க்கு இலாபமாக இருந்தபோதே அது அளவுகோலாயிற்று. எனினும் ஓர் உண்மை இதனால் உறுதிப்படுகின்றது. கூலியைக் கணக்கிட இயலாது என்ற வாதம் இனி எடுபடாது. கணக்கிட விரும்பியோர் கணக்கிட்டுக் காட்டியுள்ளனர்.

2025 யூலையில் பிரித்தானிய அரசு தன் சலுகைத் திட்டத்தில் மாற்றங்களை அறிவித்தது. எந்நாட்டுத் துணியில் தைத்த இலங்கை ஆடையும் அச்சந்தையில் தீர்வையற்ற சலுகை பெற அவை வழி செய்கின்றன. ஏற்றுமதியாளர் இதனை வரவேற்றமை இயல்பே. ஏற்றுமதி எத்தனை சதவீதம் உயரும் என்ற ஆய்வுகள் வெளிவரும், வரவும் வேண்டும். ஆனால் அவற்றோடு வேறு சில வினாக்களும் எழுப்பப்பட வேண்டும். நீங்கிய தீர்வையின் பயனில் எப்பங்கு கொள்வனவாளரைச் சேர்கின்றது, எப்பங்கு ஆலை உரிமையாளரை, எப்பங்கு தைப்பவளை? இரட்டை மாற்ற விதியின் நெருக்குதலால் இந்நாட்டில் எழுந்த துணி ஆலைகளுக்கும் அவற்றின் தொழிலாளருக்கும் என்ன நேரும்? மருதமுனைக்கு 1977 இற் கேட்கப்படாத வினா இது. அன்று கேளாது விட்டதன் விளைவை நாம் மேலே கண்டோம்.

பட்டினப்பாலைத் துறையிற் பொறிக்கப்பட்ட புலி, அரசனது அதிகாரத்தின் அடையாளம் என்பதை எவரும் மறைக்கவில்லை. இன்றைய தோற்றுவாய்ச் சான்றிதழின் முத்திரை, தான் வெறும் உண்மையை உரைப்பதாகப் பாவனை செய்கின்றது. அப்பாவனையைக் களைந்து, சட்டையின் பிறப்பிடத்தை அதனைத் தைத்த கைகளிலிருந்து எண்ணத் தொடங்குவதே எமது ஆய்வாளர் முன்னுள்ள பணியாகும்.